நடு வண்டி

நீங்க மியூசியத்துல பாத்தேன்னு சொன்னீங்களே தம்பி, வயித்துக்கடியில தோணி மாட்டுனாப்ல ஒரு விமானம், அது சண்டை விமானம் இல்லீங்க. எல்லாரும் அப்படித்தான் நெனைச்சுக்கறாங்க. அதுல குண்டு கெடையாது, துப்பாக்கி கெடையாது. ஒரு காலத்துல ஆளுகளை ஏத்திட்டுப் போயிட்டிருந்த பழைய விமானமுங்க. சீட்டையெல்லாம் கழட்டிப்போட்டு, வரிசையா ஸ்கிரீன வெச்சு, ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் ஒரு ஆள உக்கார வெச்சுட்டாங்க. அதுல ஒரு சீட்டு என்ற பொண்ணுது.

உக்காருங்க, உக்காருங்க. உங்க காரை இழுத்துட்டுப் போற வண்டி மத்தியானத்துக்கு மேலதான் வரும். போன்ல இன்னும் சித்த நேரத்துல வர்றேம்பான், வரமாட்டான். இங்க இருக்கற மிசின்ல வாஃபிள் போட்டுத் தரட்டுங்ளா? இல்லீன்னா துளசிமணிகிட்டச் சொல்றேன், தோசை ஊத்துவா. துளசிமணி என்ற சம்சாரமுங்க. பின்னால பெட்ஷீட் மடிச்சுட்டு இருக்கறா. இந்த மோட்டல் நம்முளுது இல்லீங்க, ஓனர் குஜராத்திக்காரர். நாங்க பாத்துக்கறோம். பொண்ணு மூணாங்கிளாஸ் படிக்கறப்ப அமெரிக்கா வந்தது, அன்னியிலிருந்து இந்தக் கவுண்டர்தான் நமக்கு.

பொண்ணு பேரு தாரணி. இங்க இருக்கறவங்க வாய்க்கு வரமாட்டேங்குது, டாராங்கறாங்க. இப்ப வெளிய போயிருக்கறா. பாலு தீந்து போச்சு, வாங்கப் போயிருக்கறா. வந்துருவா. அவ வர்றதுக்குள்ள உங்ககிட்ட இதைச் சொல்லிப்போடறேன்.

அந்தத் தோணிக்குள்ள ரேடாருங்க. விமானம் எங்கியோ மேகத்துக்கு மேல, எல்லைக்கு இந்தப் பக்கமே சுத்திட்டு இருக்கும். ஆனா நூறு மைலுக்கு அக்கட்டால ஒரு ரோட்டுல ஒரு லாரி போச்சுன்னா இங்க ஸ்கிரீன்ல ஒரு புள்ளி நகருமாங்க. லாரி தெரியாது, ஆள் தெரியாது. வெறும் புள்ளி. நகர்ந்தாத்தான் புள்ளி. வண்டி நின்னுட்டா புள்ளி மறைஞ்சிரும். அந்தப் புள்ளி போற போக்க வெச்சு இது டேங்கு, இது லாரி, இது எதிரி வண்டி, இது சும்மா போற வண்டின்னு சொல்றதுதான் இவ வேலை. இவ சொன்னா, அதே விமானத்துல பின்னால உக்காந்திருக்கற ஆபீசருக, கீழ இருக்கற படைக்கும் மேல இருக்கற மத்த விமானத்துக்கும் நீ இப்படிப் போ, நீ அப்படிப் போன்னு உத்தரவு போடுவாங்க. பறக்கற ஆபீசுங்க அது. அவ்வளவுதான்.

அவளா ஒண்ணும் சேரலீங்க. நர்சுக்குப் படிக்கறேன்னா. ஸ்கூல் முடிச்ச வருசம் அது. இந்த ஊர்ல படைக்கு ஆள் எடுக்கறவங்க தெனம் காப்பி குடிக்க இங்கதான் வருவாங்க. அதுல ஒருத்தர், நல்ல மனுசன், நம்ம இட்லிப்பொடிய வாஃபிள்ல தூவித் திம்பாரு. அவர் சொன்னாரு, ‘நாச்சி, உங்க பொண்ணு கெட்டிக்காரி. நாலு வருசம் இருந்தாப் போதும், அப்பறம் படிப்பு முழுக்க நாங்க பாத்துக்கறோம்’னாரு. நாச்சின்னா நாந்தானுங்க. நாச்சிமுத்து.

நான் கேட்டேன், ‘சண்டைக்குப் போகோணுமா?’ன்னு. ‘இல்லவே இல்ல. ஏசியில உக்காந்து ஸ்கிரீனப் பாக்கற வேலை’ன்னாரு. பொண்ணுகிட்டப் போயிச் சொன்னேன். அவ மூஞ்சியச் சுளிச்சா. ‘அப்பா, எனக்கு இதெல்லாம் வராதுப்பா’ன்னா. துளசிமணியும் வேண்டாமுன்னுதான் சொன்னா. நான் விடலீங்க. ‘நர்சுன்னா ரத்தத்தப் பாக்கோணும், பொணத்தப் பாக்கோணும். இதுல ஒண்ணும் இல்ல சாமி, புள்ளிதான்’னேன்.

அப்படித்தான் சொன்னேன். புள்ளிதான்னு.

முதல்ல எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுங்க. படையோட விமானத்தளம் இங்க பக்கத்துலதான், இந்த மோட்டலுக்கு மேலதான் அந்த விமானம் ஏறும். ஜன்னலெல்லாம் அதிரும். புதுசா வர்ற கெஸ்டுக காதைப் பொத்துவாங்க. நான் கவுண்டர விட்டு வெளிய வந்து அண்ணாந்து பாத்து, ‘மை டாட்டர், மை டாட்டர்’னு கையக் காட்டுவேன். துளசிமணி திட்டுவா. ‘ஏனுங்க, வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் இதையே சொல்லோணுமா?’ம்பா. சொல்லோணுமில்ல? சங்ககிரியில லாரிக்குக் கிளீனராப் போயிட்டிருந்தவன் பொண்ணு மேகத்துக்கு மேல உக்காந்து படைக்கு வழி சொல்றா. சொல்லாம என்ன பண்றது?

அப்பறம் ஒரு தடவை வெளிநாட்டுக்கு அனுப்புனாங்க. பாலைவன ஊர். எந்த நாடுன்னு அவ சொல்லல, சொல்லவும் கூடாதாம். நாங்களும் கேக்கல. திரும்பி வந்து லீவுல வீட்டுக்கு வந்தா. ஆள் எளைச்சிருந்தா. நான் சாப்பாடு சேரலையாட்ட இருக்குதுன்னு நெனைச்சேன்.

வந்த மறுநாளு காலையில நான் ஐஸ் மிசினக் கழட்டிப் போட்டு உக்காந்திருந்தேன். அவ வந்து பக்கத்துல தரையில உக்காந்தா. சும்மா ஸ்குரூவெல்லாம் எடுத்துக் குடுத்துட்டு இருந்தா. திடீர்னு கேட்டா, ‘அப்பா, உங்க ஊர்ல கல்யாணத்துக்கு எப்படிப்பா போவாங்க?’ன்னு.

எனக்கு எவ்வளவு சந்தோசமுன்னு நெனைக்கறீங்க. மூணாங்கிளாசுல ஊரை விட்டு வந்த புள்ள. ஊரப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்ல. கேக்கறாளேன்னு கையத் தொடைச்சுட்டுச் சொல்ல ஆரம்பிச்சேன். நீங்க திருச்செங்கோட்டுக்காரர், உங்களுக்குத் தெரியாததா? நம்ம பக்கம் வீட்டுக்கு வீடு லாரி. மாமனுக்கு லாரி, பெரியப்பனுக்கு லாரி. கல்யாணம்னா பஸ்ஸு எதுக்கு, காரு எதுக்கு? கோழி கூப்புடற நேரத்துல லாரியெல்லாம் வரிசையா கெளம்பும். எல்லாம் வடக்க போயி வந்த டிரைவருக. ஒருத்தன் வண்டிக்கும் அடுத்தவன் வண்டிக்கும் நடுவுல அளந்து வெச்சாப்ல இடைவெளி. ஒரே வேகம். எவனும் எவனையும் முந்தமாட்டான். ஒரு வண்டி நின்னா எல்லாம் நிக்கும். ஒண்ணு கெளம்புனா எல்லாம் கெளம்பும். இதையெல்லாம் நடிச்சே காட்டுனேனுங்க. ஸ்குரூவ எல்லாம் தரையில வரிசையா வெச்சு, ‘இது பெரியப்பன் வண்டி, இது மாமன் வண்டி’ன்னு நகத்தி நகத்திக் காட்டுனேன்.

அவ அதையே பாத்துட்டு இருந்தா. ‘ஏம்ப்பா நிக்கும்?’னா.

‘ஏன்னா? எவனாச்சும் ஒண்ணுக்குப் போகோணும்பான். ஒரு கெழவிக்கு வாந்தி வரும். டீ குடிக்கோணும். ஒருத்தர விட்டுட்டு ஒருத்தர் போக முடியுமா? கல்யாணம் சாமி அது’ன்னேன்.

‘இருட்டுலயே கெளம்பிருவீங்களா?’

‘முகூர்த்தத்துக்குப் போயிச் சேரோணுமில்ல?’

அப்பறம் ஒண்ணும் கேக்கல. ஸ்குரூவ எல்லாம் பொறுக்கி என்ற கையில குடுத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டா. நான் மிசின மாட்டிட்டே துளசிமணிகிட்டச் சொன்னேன், ‘புள்ளைக்கு ஊர் நெனப்பு வந்திருச்சு, அடுத்த வருசம் கூட்டிட்டுப் போயி மாப்ள பாத்தரலாம்’னு. துளசிமணி என்னையவே பாத்தா. ‘ஏனுங்க, அவ மூஞ்சியப் பாத்தீங்களா நீங்க?’ன்னா. நான் பாக்கலீங்க. மிசினத்தான் பாத்துட்டு இருந்தேன்.

லீவு முடியறதுக்கு முன்னாலயே கெளம்பிட்டா.

கொஞ்ச நாள் கழிச்சு அவங்கம்மாளுக்குப் போன் பண்ணியிருக்கறா. எனக்கில்ல. துளசிமணி போனை வெச்சுட்டு வந்து இங்கதான், நீங்க உக்காந்திருக்கற சேர்லதான் உக்காந்தா. அப்பறம்தானுங்க எனக்கு விசயமே தெரியும்.

அங்க ஒரு நாள் விடியறதுக்கு முந்தி, ஸ்கிரீன்ல வரிசையாப் புள்ளி போயிருக்குது. ஒரே இடைவெளி, ஒரே வேகம். ஒண்ணு நின்னா எல்லாம் நிக்குது. நின்னு, திரும்பக் கெளம்புது. ஆபீசர் வந்து கேட்டிருக்கறார். இவ, ‘படை வண்டிக மாதிரி இருக்குது. சும்மா போறவங்க இப்படி ஒழுங்காப் போகமாட்டாங்க’ன்னு சொல்லியிருக்கறா. ‘நிச்சயமா?’ன்னு திருப்பிக் கேட்டிருக்கறார். ‘நிச்சயம்’னிருக்கறா. அப்பறம் எந்த நாட்டு விமானமோ, கூட்டுப்படையில யாரோ, போயிக் குண்டு போட்டிருக்கறாங்க. ரெண்டு நாள் கழிச்சு, அது கல்யாண வண்டியா இருக்கலாமுன்னு ஒரு பேச்சு வந்திருக்குது. பேச்சுத்தானுங்க. யாரும் போயிப் பாக்கல. மேல இருக்கறவங்க விசாரிச்சு, உன் மேல தப்பில்ல, யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்கன்னு சொல்லிட்டாங்க.

அதுக்கப்பறம்தான் வந்து என்னையக் கேட்டிருக்கறா. கல்யாணத்துக்கு எப்படிப் போவாங்கன்னு.

எனக்கென்ன தெரியும், சொல்லுங்க? அவ கேட்டா, நான் சொன்னேன். ஊருக்குப் போலாமுன்னு கேக்கறான்னு நெனைச்சேன். இவ அங்க உள்ளுக்குள்ள, ‘அப்பா இல்லீன்னு சொல்லீரோணும், இல்லீன்னு சொல்லீரோணும்’னு உக்காந்திருந்திருக்கறா. நானு ஸ்குரூவ வெச்சு நடிச்சுக் காட்டிட்டு இருந்திருக்கறேன்.

மூணு நாள் எனக்குச் சோறு எறங்கல. அப்பறம் ஒரு யோசனை வந்துச்சு. நாந்தான சொன்னேன், நானே மாத்திச் சொன்னா? போன் பண்ணுனேன். ‘சாமி, அன்னிக்கு அப்பன் சும்மா பீத்திக்கிட்டேன். லாரியுமில்ல ஒண்ணுமில்ல. எல்லாரும் டவுன் பஸ்ல தொத்திட்டுத்தான் போவோம். மாமனுக்கு லாரியே கெடையாது’ன்னேன்.

அவ, ‘அப்பா, நீங்க எங்கிட்டப் பொய் சொன்னதே இல்லீங்கப்பா’ன்னா. அவ்வளவுதான். வெச்சுட்டா.

நல்லதுக்குத்தானுங்க சொன்னேன். இல்லீங்களா? ஆனா அதோட எங்கிட்டப் பேச்சை நிறுத்திட்டா. படைய விட்டு வெளிய வந்துட்டா. படிப்புச் செலவு குடுக்கறேன்னாங்க, அதுவும் வேண்டாமுன்னுட்டா. எனக்கு அதுலதான் கோவம். அதுக்குத்தான சேந்தது? ரெண்டு ஸ்டேட் தள்ளி ஒரு ஊர்ல, தெருநாயெல்லாம் புடிச்சுட்டு வந்து வெச்சிருக்கற எடத்துல நாய் குளிப்பாட்டற வேலைக்குப் போயிட்டா. அவங்கம்மாகிட்ட மட்டும் பேசுவா. நான் பக்கத்துல நின்னு கேட்டுக்குவேன். ‘அப்பா நல்லா இருக்கறாரா’ன்னு கேப்பா. துளசிமணி போனை எம்பக்கம் நீட்டுனா, வெச்சிருவா. பொங்கலுக்கு வரல. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுங்க, அப்படியே போச்சு.

இதுக்கு நடுவுல அந்த விமானமெல்லாம் பழசாயிப் போச்சு, இனி வேண்டாமுன்னு ஒண்ணொண்ணா நிறுத்திட்டாங்க. கடைசி விமானம் போற அன்னிக்கு ஊரே விமானத்தள வேலிக்குப் பக்கத்துல வந்து நின்னுச்சு. கொடியெல்லாம் புடிச்சுட்டு, வயசான ஆபீசருக அழுதுட்டு. நானும் துளசிமணியும் போயிருந்தோம். எதுக்குப் போனோமுன்னு தெரியல. அது ஏறிப் போயி, சத்தம் அடங்கி, எல்லாரும் கையத் தட்டிட்டு இருக்கறாங்க, என்ற போன் அடிக்குது. அவதான். எனக்கேதான் பண்ணியிருந்தா.

கூட்டத்துச் சத்தத்துல கேக்கல. கார்ல போயி உக்காந்து ஸ்பீக்கர்ல போட்டேன். துளசிமணி பக்கத்து சீட்டுல.

‘போயிருச்சாப்பா?’ன்னா.

‘போயிருச்சு சாமி.’

‘அப்பா, ஒண்ணு கேக்கறேன். இந்தத் தடவ நெசத்தைச் சொல்லுங்க. லாரியிலதான போனீங்க?’

துளசிமணி என்ற தொடைய அழுத்திப் புடிச்சா. சொல்லுங்கறாளா வேண்டாங்கறாளான்னு தெரியல. நான் சொல்லிட்டேன். ‘ஆமா சாமி. லாரியிலதான் போனோம். அன்னிக்கு நான் சொன்னது எல்லாம் நெசம்’னேன்.

அழுவான்னு நெனைச்சேன். அழல. பெருமூச்சு விட்டா. ‘தேங்க்ஸ் ப்பா’ன்னா. எத்தனை மாசங் கழிச்சு அந்தக் குரல்.

அப்பறம் மெதுவாச் சொன்னா. அன்னிக்கு எல்லாப் புள்ளியும் மறைஞ்சு போச்சாங்க. மறைஞ்சா வண்டி நின்னிருச்சுன்னும் இருக்கும், இல்லாமப் போச்சுன்னும் இருக்கும். ஸ்கிரீனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். இவ கண்ணெடுக்காமப் பாத்துட்டே இருந்திருக்கறா. சித்த நேரங் கழிச்சு ஒண்ணொண்ணா நகர ஆரம்பிச்சிருக்குது. முன்னால இருந்ததெல்லாம் ஒரு பக்கம், பின்னால இருந்ததெல்லாம் ஒரு பக்கம். நடுவுல இருந்த ஒண்ணு மட்டும் நகரல. டியூட்டி முடியற வரைக்கும் பாத்திருக்கறா. நகரவே இல்ல.

‘அப்பா, உங்க ஊர்ல மொதல் வண்டியில யாருப்பா போவாங்க?’ன்னா.

‘மாமனுக, பங்காளிக. வழி தெரிஞ்சவங்க’ன்னேன்.

‘கடைசி வண்டியில?’

‘வயசுப் பசங்க. ஆட்டம் போட்டுட்டு வருவாங்க.’

‘பொண்ணு, மாப்ள?’

‘அவியளுக்கு மட்டும் காரு புடிச்சிருப்போம். காரு முன்னாலயே போயிரும்’னேன். இதெல்லாம் நெசந்தானுங்க. ஒண்ணு விடாம நெசத்தைச் சொன்னேன்.

‘நடு வண்டியில?’ன்னா.

துளசிமணி கைய எடுத்துட்டா. ஜன்னல் பக்கம் திரும்பிட்டா. அவளும் அந்தப் பக்கத்துக்காரிதான, அவளுக்குத் தெரியும்.

நான் சொன்னேன், ‘நடு வண்டியில ஆளுக யாரும் போகமாட்டாங்க சாமி. பாத்திரம் பண்டம், அரிசி மூட்டை, சமையல் சாமான். டிரைவர் ஒருத்தன் இருப்பான், அவ்வளவுதான்’னு.

‘நெசமாப்பா?’

‘நெசம் சாமி. உம்மேல சத்தியம்.’

பெத்த புள்ள மேல, தம்பி.

அடுத்த வாரமே வந்துட்டாளுங்க. பொட்டியோட. துளசிமணி அன்னிக்குப் பொரிச்ச கோழிய ரெண்டு பேரும் உக்காந்து தின்னோம், அப்பனும் மகளும். இப்ப இங்கதான் இருக்கறா. காலையில இந்த டிபன் எல்லாம் அவதான் எடுத்து வெப்பா. சிரிக்கறா. எங்கூட உக்காந்து டிவி பாக்கறா. என்ற சட்டைக்குப் பட்டன் தைக்கறா. நான் கேக்காமலே தைக்கறா. ராத்திரி பிரஷர் மாத்திரை போட்டீங்களான்னு வந்து கேட்டுட்டுப் போறா. துளசிமணி மட்டும் சரியாப் பேசமாட்டேங்குறா எங்கிட்ட. ‘ஏன், புள்ள நல்லாத்தான இருக்கறா?’ன்னு கேட்டா, ‘இருக்கறா இருக்கறா’ன்னுட்டு மடிச்ச பெட்ஷீட்டையே திரும்ப மடிப்பா.

ஒரே ஒரு விசயந்தானுங்க. சின்னக் கொழந்தைகளைக் கூட்டிட்டு யாராச்சும் டிபன் சாப்பிட வந்தா மட்டும் அவ இங்க நிக்கமாட்டா. கரண்டிய வெச்சுட்டு உள்ள போயிருவா. அவங்க சாப்புட்டு எந்திரிக்கற வரைக்கும் வரமாட்டா. முந்தியெல்லாம் கொழந்தைகன்னா விடமாட்டா, தூக்கிட்டே திரிவா. இப்ப என்னமோ சத்தம் ஆகமாட்டேங்குதாட்ட இருக்குது. அத்தனை வருசம் அந்த விமானச் சத்தத்துல உக்காந்தவளில்ல? காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகோணும்.

அதனாலதான் தம்பி, உங்ககிட்ட இவ்வளவும் சொன்னது. நீங்க திருச்செங்கோடுன்னு தெரிஞ்சா ஆசையாப் பேசுவா. ஊர்ப் பேச்சு பேசறப்ப, கல்யாணம், லாரின்னு எதுவும் வந்துரக் கூடாது. அவளாக் கேட்டா, பாத்திரம் பண்டந்தான்னு சொல்லிருங்க. உங்களுக்கு ஒண்ணும் பாவமில்ல. அந்த ஊர் வேற, அவங்க பழக்கம் வேற. அங்க நடு வண்டியில உண்மையாலுமே பாத்திரம் போயிருக்கலாமில்ல? போயிருக்கலாம். நானும் அப்படித்தான் நெனைச்சுக்கறேன்.

நம்ம ஊர்லதானுங்க வேற மாதிரி. தவிட்டு மூட்டைய அடியில அடுக்கி, வைக்கோலப் பரப்பி, பொடுசுக அத்தனையும் அந்த ஒரு வண்டியிலதான் ஏத்துவாங்க. நான் என்ற தங்கச்சிய மடியில வெச்சுட்டுப் போயிருக்கறேன். முன்னாலயும் பின்னாலயும் பெரியவங்க வண்டி போச்சுன்னா, நடுவால இருக்கற கொழந்தைகளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அப்படி ஏத்துவாங்க.